எழுதித் தர மறுக்கும் கைகள்

நாஞ்சில் நாட்டுச் சுசீந்திரம் என்றதும் வெளியூரார்க்கு நினைவில் எழுவது தாணுமாலயன் கோயிலும் அதன் இசைத் தூண்களும். சரித்திரம் படித்தவர்க்கோ மற்றொன்றும் நினைவுக்கு வரும். அதுதான் ‘சுசீந்திரம் கைமுக்கு’. திருவிதாங்கூர் அரசர் காலத்தில், ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகள் தாம் குற்றமற்றவர் என்பதை மெய்ப்பிக்க அவ்வூருக்கு வரவேண்டும். கொதிக்கும் நெய்யில் கையை விட்டு, அதனுள் இட்ட பொருளை எடுக்க வேண்டும். பின்பு கையைக் கட்டி வைத்து, சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் இல்லையென்றால் அவர் தூயவர். புண் இருந்தால் அதோடு அவர் வாழ்வு முடிந்தது. 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் இக்கொடிய வழக்கம் நிறுத்தப்பட்டது.

அந்தச் சோதனை ஒழிந்தது நன்றே. ஆனால், ‘நான் உண்மையானவன்’ என்று மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயம் மனிதனை விட்டு ஒழியவில்லை. அன்று நெய், இன்று காகிதம். இந்தக் காகிதச் சோதனையில் அதே சுசீந்திரத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கை சுட்டுக்கொண்ட கதையை எழுதவே பேனா எடுத்தேன். சுட்ட நெருப்பை மூட்டியவர்கள் அந்நியரல்லர், நாமே என்பதைச் சொல்லாமல் இருக்க என் மனம் ஒப்பவில்லை.

அந்த இளைஞர் சிறுவராயிருந்தபோது என்னிடம் மாலை வகுப்பில் ஓதியவர். பின்பு ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்றார். சொந்த உழைப்பில் படித்த பிள்ளை. தனியார் பள்ளியொன்றில் மூன்று ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தார். ஓமான் நாட்டுப் பள்ளியொன்றிலிருந்து அவருக்கு ஆங்கில ஆசிரியர் பணிக்கு அழைப்பு வந்தது. ஓராண்டுக்கு முன் ஒரு மாலை, கையில் நெகிழிக் கோப்புடன் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“உஸ்தாத், எல்லாம் சேர்த்துவிட்டேன். ஒன்றுதான் இல்லை” என்றார்.

கோப்பை வாங்கிப் பார்த்தேன். கடவுச்சீட்டு இருந்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள் இருந்தன. தற்காலிகச் சான்றை ஏற்கமாட்டார்கள் என்று கேட்டறிந்து, திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலிருந்து பட்டமளிப்புச் சான்றிதழையே பெற்றிருந்தார். 500 ரூபாய் கட்டணம் செலுத்திக் காவல்துறைத் தடையில்லாச் சான்றும் வாங்கியிருந்தார். மருத்துவப் பரிசோதனைக்கு நாள் குறித்திருந்தார். பட்டச் சான்றிதழின் பின்புறம் மாநில அரசின் முத்திரையும், அதற்குமேல் வெளியுறவு அமைச்சகத்தின் ‘அப்போஸ்டில்’ ஒட்டுச்சீட்டும் இருந்தன.

இந்த அப்போஸ்டில் என்ன என்பதை நம் வீட்டார் அறிந்துகொள்வது நல்லது. 1961-ஆம் ஆண்டு ஹேக் நகரில் உருவான ஓர் உடன்படிக்கையின்படி, ஒரு நாட்டின் அரசு இடும் இந்த ஒரே முத்திரையை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொள்ளும். தூதரகம் தூதரகமாய் அலைய வேண்டியதில்லை. இந்தியாவுக்கு அது 2005-இல் நடைமுறைக்கு வந்தது. ஓமானுக்கு 2012-இலும், பஹ்ரைனுக்கு 2013-இலும், சவூதி அரேபியாவுக்கு 2022 டிசம்பரிலும் வந்தது. உடன்படிக்கையில் சேராத நாட்டுக்குச் செல்வோர் மட்டும் அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையையும் பெறவேண்டும். இதற்கு டில்லி வரை போகவேண்டியிருந்த நிலையும் மாறி, 2019 முதல் சென்னையிலேயே வசதி செய்யப்பட்டது. அப்போஸ்டிலுக்கு அரசு வைத்த கட்டணம் 50 ரூபாய். அனுப்பிப் பெற்றுத்தரும் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் தனி. நம்மவர்களோ இதை அறியாமல், ஆயிரக்கணக்கில் தரகர் கையில் கொடுத்துவிட்டு, “காரியம் முடிந்தால் சரி” என்று திண்ணையில் அமர்ந்துவிடுகிறார்கள்.

நம் இளைஞர் அப்படி அமரவில்லை. தாமே அலைந்து தாமே முடித்தார். அவரிடம் இல்லாதிருந்த ஒன்று, மூன்று ஆண்டு கற்பித்ததற்கான பணி அனுபவச் சான்றிதழ்.

அவர் கேட்காமல் இல்லை. ஐந்து முறை கேட்டார். “ஆண்டுத் தேர்வு முடியட்டும்” என்றார்கள். முடிந்தது. “தாளாளர் ஊரில் இல்லை” என்றார்கள். வந்தார். “உமக்கு நாங்கள் பணி நியமன ஆணையே தரவில்லையே, எதை வைத்து எழுதுவது?” என்று அப்போது கேட்டார்கள். மூன்று ஆண்டும் ஊதியம் உறையில் இட்டுக் கொடுக்கப்பட்டது. வங்கிக் கணக்கில் வரவில்லை. வருங்கால வைப்புநிதியில் பெயர் சேர்க்கவில்லை. பணியில் சேர்ந்த அன்று வாங்கி வைத்துக்கொண்ட பி.எட். மூலச் சான்றிதழைத் திரும்பப் பெறவே அவர் இரண்டு மாதம் நடந்திருக்கிறார். நானும் ஒருநாள் உடன் சென்று கேட்டேன். தேநீர் தந்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள். சான்றிதழ் மட்டும் வரவில்லை.

இந்த நிலையில் தரகர் ஒருவர் முன்வந்தார். வேறொரு மாவட்டத்துப் பள்ளியின் பெயரில், அச்சிட்ட தாளில், முத்திரையோடு, மூன்று ஆண்டு அனுபவச் சான்றிதழ் இரண்டே நாளில் கிடைக்கும். ஒரு தொகை கொடுத்தால் போதும்.

“வாப்பாவும் மாமாவும் வாங்கிவிடச் சொல்கிறார்கள், உஸ்தாத். நான் மூன்று வருஷம் பாடம் நடத்தியது நிஜம்தானே? காகிதத்தில் பள்ளியின் பெயர் மட்டும்தானே மாறுகிறது?”

வாசகர்களே! இந்தக் கேள்வியைச் சற்று நின்று பாருங்கள். இவர் பொய்யரல்லர். தாம் செய்த உழைப்பை உலகம் நம்புவதற்கு ஒரு பொய்யை விலைக்கு வாங்க வேண்டிய இடத்தில் நிறுத்தப்பட்டவர். இவரை அங்கே நிறுத்தியவர் யார் என்பதே நான் எழுப்பும் வழக்கு.

முதலில், அவருக்கு நான் சொன்ன விடையைச் சொல்லிவிடுகிறேன். “வேண்டாம்” என்றேன். ஹதீஸ் கலையில் ‘தத்லீஸ்’ என்று ஒரு குற்றம் உண்டு. ஒருவர் அறிவிக்கும் செய்தி உண்மையாகவே இருக்கலாம். ஆனால், அதை யாரிடமிருந்து கேட்டார் என்பதை மறைத்து, வேறொருவரிடம் நேரே கேட்டதுபோல் தோன்றும்படி சொன்னால் அது தத்லீஸ். செய்தி மெய்யாயிற்றே என்று நம் முன்னோர் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. ஹிஜ்ரி 160-இல் மறைந்த இமாம் ஷுஃபா போன்றோர் அதை மிகக் கடுமையாகச் சாடினார்கள். ஏனென்றால், மூலத்தை மறைப்பது வழக்கமாகிவிட்டால் மெய்யையும் பொய்யையும் பிரித்தறியும் வழியே அடைந்துபோகும். பார்த்திராத பள்ளி ஒன்று நமக்குச் சாட்சி சொல்வதும் இதே வகைதான்.

உலகியல் முறையில் பார்த்தாலும் அது நட்டமே. வேலை தரும் பள்ளி, சான்று தந்த பள்ளிக்கு எழுதியோ தொலைபேசியிலோ விசாரிக்கலாம். அன்று யாரோ ஒருவர் பொய் சொல்லவேண்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மீண்டும் அதே காகிதம், மீண்டும் அதே பொய். போலி ஆவணத்தைச் செய்தவனுக்குரிய தண்டனையே அதைத் தெரிந்து பயன்படுத்தியவனுக்கும் உண்டு என்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை முதல் நாளில் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, அந்தத் தரகர் வாழ்நாள் முழுதும் இந்த ஆசிரியரின் இரகசியத்தைக் கையில் வைத்திருப்பார் என்பது.

இளைஞர் என் சொல்லை ஏற்றார். ஓமான் பள்ளி தந்த கெடு முடிந்தது. அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. “வேண்டாம்” என்று சொல்வது எனக்கு எளிது. விலை கொடுத்தவர் அவர். ஆகவே, அவருக்கு அறிவுரை சொல்வதோடு நின்றுவிட்டால் நானும் குற்றவாளிகளுள் ஒருவனாவேன். கேள்வியை உரியவர்கள் பக்கம் திருப்பியே ஆகவேண்டும்.

பள்ளி நடத்துவோரே! நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். நீங்கள் சொல்லும் காரணங்களை நான் அறிவேன்.

“சான்றிதழ் கொடுத்தால் ஆசிரியர்கள் பாதியில் ஓடிவிடுவார்கள், பிள்ளைகளின் படிப்புக் கெடும்” என்பது முதற் காரணம். இதில் நியாயம் அறவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆண்டின் நடுவில் ஆசிரியர் போய்விட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளை தவிப்பதை நானும் கண்டிருக்கிறேன். அதற்கு மருந்து எழுத்து ஒப்பந்தம். கல்வியாண்டு முடியும்வரை பணியாற்ற வேண்டும், விலகுவதாயின் இத்தனை மாதம் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். ஆசிரியரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஒப்பந்தமே எழுதாமல், அவருடைய மூலச் சான்றிதழைப் பூட்டி வைத்து அவரை நிறுத்துவது அடகுக்கடை முறை. பள்ளிக்கூடத்துக்கு அது அழகன்று.

“அற்பச் சம்பளம்; இதற்கெல்லாம் ஆவணம் எதற்கு?” என்பது இரண்டாவது. சம்பளம் சிறிதாயிருக்கலாம். கற்பித்த மூன்று ஆண்டு சிறிதன்று. மேலும், இப்படிப் பணிபுரிவோரில் பெரும்பாலோர் நம் வீட்டுப் பெண்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். மணமாகிக் கணவரோடு வளைகுடாவுக்குச் செல்லும் ஒரு பெண், அங்குள்ள இந்தியப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்க விரும்பினால், ஐந்து ஆண்டு உழைப்புக்கு அவள் கையில் என்ன இருக்கிறது? ஆண்டு விழாவில் எடுத்த நிழற்படம்தான்.

மூன்றாவது காரணத்தை நீங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். எழுதிக் கொடுத்தால் உங்கள் கணக்கு வெளிவரும். பதிவேட்டில் ஒரு தொகையும் உறையில் ஒரு தொகையுமாகக் கொடுப்பது வெளிவரும். வைப்புநிதி கட்டாதது வெளிவரும். நீங்கள் அஞ்சுவது ஆசிரியர் ஓடிப்போவதற்கன்று. உங்கள் கையெழுத்துக்கே நீங்கள் அஞ்சுகிறீர்கள்.

மார்க்கம் கற்றவன் என்ற முறையில் இங்கே ஒன்றை நினைவூட்டும் உரிமை எனக்கு உண்டு. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? இரண்டாம் அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் அது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கலாகாது என்பதும், சாட்சிகள் அழைக்கப்படும்போது வர மறுக்கலாகாது என்பதும் அதன் கருத்து. ஒரு மனிதனின் மூன்று ஆண்டு உழைப்புக்குச் சாட்சி சொல்ல அழைத்தால் மறுப்பவர், பள்ளியின் முகப்பில் அந்த வேதத்தின் எந்த வாக்கியத்தை எழுதி வைத்து என்ன பயன்?

‘சான்றிதழ் ஒரு காகிதம், திறமையே முக்கியம்’ என்று பெருந்தன்மையாகப் பேசுவாரும் உண்டு. இடலாக்குடியிலிருந்து சுசீந்திரம் கூப்பிடு தூரம். அந்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் சதாவதானம் செய்தபோது, அறிஞர் அவையே அவரைச் சோதித்தது. நேருக்கு நேர் நின்று வென்றார். அவரிடம் யாரும் அனுபவச் சான்றிதழ் கேட்கவில்லை. மெய்தான். ஆனால், கடல் கடந்த ஒரு பள்ளி நம் பிள்ளையை எந்த அவையில் நிறுத்திச் சோதிக்கும்? அது காகிதத்தைத்தான் பார்க்கும்.

அதுவும் ஆங்கிலம் கற்பிக்கச் செல்லும் நம்மவரின் காகிதத்தை மற்றவர் காகிதத்தைவிட உற்றுப் பார்க்கும். ‘ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் வேண்டும்’ என்று விளம்பரம் செய்யும் பள்ளிகள் எத்தனை! தென்கொரியா தன் ஆங்கில ஆசிரியர் விசாவைப் பொதுவாக ஏழு நாட்டினருக்கே வகுத்தது. 2010-இல் நடைமுறைக்கு வந்த பொருளாதார உடன்படிக்கைக்குப் பிறகே இந்தியருக்கு அங்குள்ள பள்ளிகளில் ஒரு சிறு வாயில் திறந்தது. பிறப்பை வைத்து மொழிப் புலமையை அளப்பது எவ்வளவு பேதைமை! அரபு இலக்கணத்தின் தலைநூலான ‘அல்-கிதாப்’ இயற்றிய ஸீபவைஹி பாரசீகர். தமிழுக்குச் சதுரகராதி தந்த வீரமாமுனிவர் இத்தாலியர். அவ்வளவு தூரம் போவானேன்? சுசீந்திரத்துக்கு அருகே மயிலாடியில் 1809-இல் பள்ளி தொடங்கியவர் ரிங்கல்தௌபே என்னும் பாதிரியார். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் தொடக்கத்தை அந்தப் பள்ளியில்தான் காண்கிறது. இலண்டன் மிஷன் அனுப்பிய அவரும் ஆங்கிலேயரல்லர், ஜெர்மானியர்.

நியாயம் இப்படியிருந்தாலும் உலக வழக்கம் வேறாக இருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்தவர் தம் கடவுச்சீட்டை நீட்டினாலே பாதிக் கதவு திறக்கிறது. நம் பிள்ளைக்கு நீட்டுவதற்குப் பிறப்பு இல்லை; படிப்பும் பணி அனுபவமுமே உண்டு. அந்த அனுபவத்துக்குரிய ஒரே தாளையும் நாமே மறுத்தால், ஏழு கடல் தாண்டி இருப்பவன் செய்யும் அநியாயத்தைவிட நம் அநியாயம் பெரிதல்லவா?

அப்போஸ்டில் முத்திரையைப் பற்றி இங்கே ஒரு நுட்பம் சொல்லவேண்டும். அது, ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை, கையெழுத்திட்டவர் அப்பதவியில் இருந்தவர் என்பதற்கே சாட்சி. உள்ளே எழுதியிருப்பது மெய் என்பதற்கு அது சாட்சியன்று. அமைச்சகம் மாநில அரசை நம்புகிறது. மாநில அரசு பல்கலைக்கழகத்தை நம்புகிறது. இறுதியில் எல்லா நம்பிக்கையும் முதற் கையெழுத்தில் வந்து நிற்கிறது. ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரை நாம் ‘ஸனது’ என்கிறோம். மதரஸா தரும் பட்டத்துக்கும் அதே பெயர். நடுவண் அரசு 2017-இல் சான்றொப்பத்துக்காகத் தொடங்கிய இணைய முறைக்கும் ‘இ-ஸனத்’ என்றே பெயர் வைத்தது. ஒரு சொல் நம்மிடமிருந்து அரசாங்கம் வரை போயிருக்கிறது. அதன் பொருளை மட்டும் நாம் வைத்திருக்கத் தவறிவிட்டோம். ஹிஜ்ரி 256-இல் மறைந்த இமாம் புகாரி, அறிவிப்பாளர்களின் வரலாற்றைத் தொகுத்து ‘அத்தாரீகுல் கபீர்’ என்னும் பெருநூலே எழுதினார். யார் யாரிடம் கற்றார் என்பதை இப்படிப் பதிந்து வைத்த சமுதாயத்தில், பக்கத்துத் தெருப் பள்ளியில் மூன்று ஆண்டு கற்பித்தவருக்குப் பதிவு இல்லை!

பெற்றோருக்கும் ஒரு சொல். குறை முழுவதையும் பள்ளிகள்மேல் ஏற்றிவிட்டு நாம் கை கழுவ முடியாது. ‘முஹம்மது’ என்னும் திருப்பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ‘ஓ’ போட்டு எழுதுகிறார், மற்றொருவர் ‘யூ’ போட்டு எழுதுகிறார். ஒருவர் நடுவில் ஓர் ‘எம்’, மற்றொருவர் இரண்டு ‘எம்’. பிறப்புச் சான்றில் ஒரு விதம், பள்ளியில் ஒரு விதம், கடவுச்சீட்டில் ஒரு விதம். இம்மூவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுத நோட்டரியைத் தேடுகிறோம். பெயருக்கு முன்னுள்ள தலைப்பெழுத்தை விரித்து எழுதாமல் ஒற்றைப் பெயரோடு கடவுச்சீட்டு எடுத்தவர்கள் 2022 நவம்பரில் பட்ட பாடு நினைவிருக்கும். ஒற்றைப் பெயருடையோர்க்கு வருகை விசா இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அப்போது அறிவித்தது. எழுத்தில் ஒத்திருந்து ஒலிப்பில் வேறுபடும் பெயர்களைப் பிரித்தறியவே ஹிஜ்ரி 385-இல் மறைந்த இமாம் தாரகுத்னீ தனி நூல் எழுதினார். நாம் நம் பிள்ளையின் பெயரை இரண்டு இடங்களில் ஒரே மாதிரி எழுதக் கூடாதா? பெயரின்றிப் பதிவான பிறப்புக்கு ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாமே!

பிறரைச் சாடியவன் தன்னை மறைத்துக்கொள்வது நேர்மையன்று. எங்கள் மஹல்லாவின் மக்தபைப் பல ஆண்டுகளாக மேற்பார்வை செய்து வருபவன் நான். அந்த இளைஞர் கோப்போடு திரும்பிப் போன இரவில், என் அலமாரியைத் திறந்து பார்த்தேன். எங்களிடம் பணிபுரியும் நான்கு முஅல்லிம்களில் ஒருவருக்கேனும் நான் நியமன ஆணை தந்ததற்கான நகல் அதில் இல்லை. தந்திருந்தால்தானே இருக்கும்? அவர்களில் ஒருவர் பதினொரு ஆண்டுகளாகச் சிறுவர்க்கு ஓதிக் கொடுப்பவர். அடுத்த வாரம் நிர்வாகக் குழுவைக் கூட்டி, நால்வருக்கும் சேர்ந்த நாள், பணி, ஊதியம் ஆகியவற்றை எழுதி, முத்திரையிட்டுக் கொடுத்தோம். பதினொரு ஆண்டுக்காரர் அதை இருமுறை படித்துவிட்டு, “ஹஜ்ரத், இதைச் சட்டம் போட்டு மாட்டலாமா?” என்று கேட்டார். எனக்கு விடை சொல்ல வாய் வரவில்லை.

நான் கேட்பது பெரிய காரியமன்று. பணியில் சேரும் நாளில் நியமன ஆணை கொடுங்கள். மூலச் சான்றிதழைப் பார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுங்கள். ஊதியத்தை வங்கி வழியே செலுத்துங்கள். ஆசிரியர் விலகும்போது ஒரு வாரத்துக்குள் அனுபவச் சான்றிதழ் எழுதிக் கையில் கொடுங்கள். ஜமாஅத் பெரியோர்கள், தங்கள் ஊர்ப் பள்ளிகள் இந்நான்கையும் செய்கின்றனவா என்று கேளுங்கள். செய்யாத பள்ளியின் ஆண்டு விழா மேடையில் அமராதீர்கள்.

சுசீந்திரத்து இளைஞர் இப்போது வேறொரு பள்ளியில் சேர்ந்திருக்கிறார். சேர்ந்த அன்றே நியமன ஆணை கேட்டு வாங்கினார். இரண்டு ஆண்டு கழித்து மீண்டும் விண்ணப்பிப்பதாகச் சொல்கிறார். அவருடைய பழைய மூன்று ஆண்டு மட்டும் இன்னும் எவர் ஏட்டிலும் ஏறாமல் கிடக்கிறது. அதை எழுதித் தரக்கூடிய கை எதுவென்று அந்தப் பள்ளித் தாளாளர் அறிவார். இவ்விதழ் அவர் வீட்டுக்கும் செல்கிறது. அவர் கை எழுதட்டும். அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக!